கடைத்தெருவிலிருந்து ஆர்மேனியன் தெரு வரை: ஜார்ஜ்டவுனில் தமிழில் ஒரு நடை உலா

பெருநிலப் பக்கத்துப் புக்கிட் மெர்தாஜாமில் பிறந்து வளர்ந்த எனக்குப் பினாங்குத் தீவு என்றால் நெடுங்காலம் மூன்றே காரியங்கள்தாம்: தைப்பூசம், லெபோ பாசார் தெருவில் சேலை, திரும்பும் வழியில் நாசி கண்டார் சோறு. பினாங்கின் தலைநகர் ஜார்ஜ்டவுனின் பழைய வீதிகளில் வெளிநாட்டுப் பயணிகள் கையில் வரைபடத்தோடு அலைவதைப் பார்க்கும்போதெல்லாம், நம் ஊரை நமக்கே ஒருவர் சுற்றிக்காட்டுவதற்குக் காசு கொடுப்பதா என்ற இளக்காரம் எனக்குள் இருந்தது உண்மை. ஆங்கிலத்திலும் மாண்டரினிலும் இத்தகைய உலாக்கள் நடப்பது தெரியும். தமிழிலும் ஒன்று நடக்கிறது என்று சென்ற மாதம் அண்ணி புலனத்தில் அனுப்பிய செய்தியைப் பார்த்த பிறகுதான், போய்த்தான் பார்ப்போமே என்று இரண்டு இடம் பதிவு செய்தேன்.

பெயரைச் சொல்லாமல் மதிப்புரை எழுதுவது சற்று விந்தைதான். ஆனால் இது மூன்று பேர் தங்கள் ஓய்வு நேரத்தில் நடத்தும் சிறு முயற்சி. குறைகளையும் எழுதப்போகிறேன் என்பதால் பெயரைத் தவிர்க்கிறேன். லிட்டில் இந்தியாவில் நான்கு கடைகளில் விசாரித்தால் யாராவது ஒருவர் தொடர்பு எண்ணைக் கொடுத்துவிடுவார். ஞாயிறு காலை ஏழே முக்காலுக்குத் தொடங்கி மூன்றரை மணி நேரம் நடக்க வேண்டும்; பெரியவர்களுக்கு 55 வெள்ளி (ரிங்கிட்), பன்னிரண்டு வயதுக்குட்பட்ட பிள்ளைகளுக்குப் பாதிக் கட்டணம், கடைசியில் உண்ணும் சாப்பாடும் அதிலேயே அடக்கம்.

நம்மை அழைத்துச் செல்பவர் பணி ஓய்வு பெற்ற ஆசிரியை. தெருவில் எதிர்ப்படுபவர்கள் எல்லாரும் அவரை 'டீச்சர்' என்றே கூப்பிடுகிறார்கள் என்பதால் நானும் அப்படியே குறிப்பிடுகிறேன். லெபோ பினாங்கில் ஒரு கடைவீட்டின் மாடியில் பிறந்தவர். உலா தொடங்கும் இடமும் அந்தத் தெருதான். செட்டியார்களின் கிட்டங்கிகள் வரிசையாக இருந்த பகுதி. கதவைத் தாண்டினால் நீண்ட கூடம், தரையோடு ஒட்டிய மேசை, அதன் பின்னால் சம்மணமிட்டு அமர்ந்து கணக்கெழுதும் மனிதர், பக்கத்தில் அவரவர் மரப்பெட்டி என்று ஒரே கூடத்தில் பல வட்டிக்கடைகள் இயங்கியதை அவர் விவரித்த விதத்தில், பூட்டிக் கிடந்த கதவுக்குப் பின்னால் ஆள் நடமாட்டம் கேட்பதுபோல் இருந்தது. அதே தெருவில் உள்ள கோவில் வீட்டிலிருந்துதான் தைப்பூசத்துக்கு முதல் நாள் வெள்ளி இரதம் தண்ணீர்மலை முருகன் கோயிலை நோக்கிப் புறப்படுகிறது. காரைக்குடியில் செய்யப்பட்டு 1894இல் இங்கு வந்த இரதம் அது. வழியெல்லாம் சீனர்கள் மலைபோல் குவித்துவைத்துத் தேங்காய் உடைப்பதை நான் சிறுவயதிலிருந்தே பார்த்திருக்கிறேன். ஆனால் இரதம் புறப்படும் வீட்டின் வாசலில் நின்றது இதுவே முதல்முறை.

அங்கிருந்து லெபோ குயீனில் உள்ள ஸ்ரீ மகா மாரியம்மன் கோயில். 1833இல் கட்டப்பட்ட இந்தக் கோயில் பினாங்கின் மிகப் பழைய இந்துக் கோயில் என்பது பலருக்கும் தெரியும். டீச்சர் காட்டியது வேறொன்று. சுற்றுலாத் துறையினர் 'நல்லிணக்க வீதி' என்று விளம்பரம் செய்யும் ஜாலான் மஸ்ஜித் கப்பிதான் கெலிங்கில் தேவாலயம், குவான் யின் என்ற சீனத் தேவியின் கோயில், மாரியம்மன் கோயில், பள்ளிவாசல் என அடுத்தடுத்து வருவதாகச் சொல்கிறார்கள் அல்லவா. அந்த வீதியில் நிற்பவர் மாரியம்மனின் பின்புறத்தைத்தான் பார்க்கிறார். கோபுரமும் வாசலும் லெபோ குயீன் பக்கம், அதாவது நம் கடைத்தெருவின் பக்கம் திரும்பியிருக்கின்றன. "அம்மா தன் சனங்களைப் பார்த்து உட்கார்ந்திருக்கிறாள், பயணிகளைப் பார்த்து அல்ல" என்று டீச்சர் சொன்னபோது கூட்டத்தில் சிரிப்பு எழுந்தது.

கோயிலுக்கு அருகில் உள்ள ஒரு பூக்கடையில் கால் மணி நேரம் நின்றோம். நான் கொடுத்த காசுக்கு இந்தக் கால் மணி நேரமே போதும் என்று தோன்றிய இடம் அது. கட்டுபவர் ஈரத்துணியில் சுற்றி வைத்திருந்த வாழைநாரை எடுத்துப் பல்லால் ஒரு முனையைக் கிழித்து, இடதுகைக் கட்டைவிரலிலும் சுட்டுவிரலிலும் மல்லிகையை இரண்டு இந்தப் பக்கம், இரண்டு அந்தப் பக்கமாக வைத்து, வலதுகையால் நாரை ஒரு சுழற்றுச் சுழற்றி இழுத்தார். முடிச்சு விழுந்தது கண்ணுக்குத் தெரியவில்லை. அந்நேரம் ஒரு சீன மூதாட்டி வந்து ஹொக்கியன் என்னும் சீன வட்டார மொழியில் ஏதோ கேட்டார். இவர் தலையை நிமிர்த்தாமல், பூவை விடாமல், ஹொக்கியனிலேயே விலை சொல்லி, முன்னமே கட்டித் தொங்கவிட்டிருந்த இரண்டு சரங்களைக் கண்ணால் காட்டினார். அம்மூதாட்டி அவற்றை எடுத்துக்கொண்டு மாரியம்மன் கோயிலுக்குள் போகவில்லை. தெருவைக் கடந்து குவான் யின் கோயில் பக்கமாக நடந்தார். டீச்சர் எதையும் விளக்கவில்லை. "வாங்க, நாமும் அந்தப் பக்கம்தான் போகணும்" என்று மட்டும் சொன்னார். நல்ல வழிகாட்டிக்கு எங்கே வாயை மூடிக்கொள்வது என்று தெரிந்திருக்கிறது.

குவான் யின் கோயிலைச் சீனத்தில் கொங் ஹோக் கியோங் என்கிறார்கள். கொங் என்பது குவாங்டொங்கையும் ஹோக் என்பது ஃபூஜியானையும் குறிக்கும் என்பதால், 1800ஆம் ஆண்டு வாக்கில் கான்டனியரும் ஹொக்கியன் மக்களும் சேர்ந்து எழுப்பிய கோயில் என்ற செய்தி பெயரிலேயே பதிந்திருக்கிறது. பேச்சு புரியாத இரு கூட்டத்தார் ஒரே கூரைக்குக் கீழே வந்தார்கள் என்பதும், நெடுங்காலம் அவர்களுக்குள் எழுந்த வழக்குகளைத் தீர்த்துவைத்த இடமும் இதுவே என்பதும் எனக்குப் புதிய தகவல்கள். சீனர் என்றால் ஒரே கூட்டம் என்று நாம் நினைத்துக்கொள்வதுபோலவே, அவர்களும் நம்மில் செட்டியாரையும் மரைக்காயரையும் தோட்டத்திலிருந்து வந்தவரையும் ஒன்றாகவே எண்ணியிருப்பார்கள் போலும்.

ஆண்டுக்கு மூன்று முறை வரும் குவான் யின் விழா நாட்களில் கோயில் முற்றத்தில் சீனக் கூத்தோ கைப்பொம்மலாட்டமோ நடக்கும். போத்தேஹி எனப்படும் அந்தப் பொம்மலாட்டத்தில் பொம்மையின் தலைக்குள் சுட்டுவிரலும் இரு கைகளுக்குள் கட்டைவிரலும் நடுவிரலும் நுழைந்துவிட, முழங்கை உயரமுள்ள ஒரு படைத்தலைவன் உடைவாளை உருவிச் சுழற்றுவான். தேவிக்காக ஆடப்படுவதால் எதிரே ஒரு மனிதர்கூட இல்லாவிட்டாலும் ஆட்டம் தொடரும். டீச்சர் சிறுமியாக இருந்தபோது பள்ளி விட்டு வரும் வழியில் அந்த முற்றத்தின் ஓரம் குந்தியிருந்து பார்ப்பாராம். பல நாள் மொத்தப் பார்வையாளரும் தானும் ஒரு நாயும்தான் என்றார். அவருடைய ஹொக்கியன் அங்கே கற்றதாம். ஒரு பொம்மைக் குரலில் ஹொக்கியன் வசனம் இரண்டு வரி பேசிக்காட்டினார். கோயிலுக்கு வந்திருந்த இரு பெரியவர்கள் நின்று கைதட்டினார்கள்.

செயின்ட் ஜார்ஜ் தேவாலயத்தைப் பற்றி நீட்டி எழுத எதுவுமில்லை. ஞாயிறு ஆராதனை நடந்துகொண்டிருந்ததால் வேலிக்கு வெளியே ஐந்து நிமிடம் நின்றோம். 1818இல் கட்டி முடிக்கப்பட்ட அந்த வெண்தூண் கட்டடத்தை எழுப்பியவர்கள் இந்தியாவிலிருந்து நாடு கடத்தப்பட்ட கைதிகள் என்பதை மட்டும் அறிந்துகொண்டோம். உள்ளே போக முடியாத நாளில் உலாவை வைத்துவிட்டு, விளம்பரத்தில் தேவாலயத்தின் உட்புறப் படத்தைப் போட்டிருப்பது சரியில்லை.

கப்பிதான் கெலிங் பள்ளிவாசலில் நிதானம் திரும்பியது. பெண்களுக்கு வாசலில் அங்கி கொடுக்கிறார்கள். காலுறை அணிந்து போவது நல்லது, காலை பத்து மணிக்கெல்லாம் பளிங்குத் தரை சுடத் தொடங்கிவிடுகிறது. 1801இல் இந்த நிலத்தைப் பெற்றவர்களின் தலைவரான காதர் மைதீன் மரைக்காயர் பரங்கிப்பேட்டையிலிருந்து வந்தவர் என்று கேட்டவுடன், கூட்டத்தில் இருந்த சிதம்பரத்துக்காரர் ஒருவர் தம் ஊரிலிருந்து அது அரை மணி நேரப் பயணம்தான் என்று பூரித்துப்போனார். 'கெலிங்' என்ற சொல் கலிங்கத்திலிருந்து வந்ததையும், அது இன்று நம்மைப் புண்படுத்தும் சொல்லாக மாறிய பிறகும் பள்ளிவாசலின் பெயரில் பழைய பொருளோடு நிலைத்திருப்பதையும் டீச்சர் பூசி மெழுகாமல் பேசினார். பக்கத்துத் தெருவுக்குப் பெயர் தந்த 'சூலியா' சோழரை நினைவூட்டுவதையும், மலாயில் தினந்தோறும் புழங்கும் கெடாய், காப்பல், காத்தில், மோடால் ஆகியவை நம் கடை, கப்பல், கட்டில், முதல் என்பவையே என்பதையும் அவர் சொன்னபோது, கூட வந்த என் அண்ணன் மகன், இடைநிலைப்பள்ளி மாணவன், அடுத்த அரை மணி நேரத்துக்குக் கண்ணில் பட்ட பெயர்ப்பலகைகளை எல்லாம் சோதித்துக்கொண்டே வந்தான். ஆங்கில உலாவில் இந்தச் சொற்கள் வெறும் தகவலாகப் போயிருக்கும். தமிழில் கேட்கும்போது நம் வீட்டுப் பாத்திரம் பக்கத்து வீட்டில் இருப்பதைக் கண்டதுபோல் இருந்தது.

லெபோ சூலியாவும் லெபோ கிங்கும் சந்திக்கும் முனையில் நாகூர் தர்கா நிற்கிறது. நாகூர் ஆண்டவரின் பெயரால் 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தமிழ் முஸ்லிம்கள் எழுப்பிய நினைவிடம். அந்தப் பக்கத்தில் சொங்கோக் தொப்பி தைக்கும் தொழிலைப் பற்றியும் சொன்னார்கள்: கறுப்பு வெல்வெட்டுக்கும் உள்துணிக்கும் நடுவே தடித்த காகிதத்தை வைத்துத் தைத்து விறைப்பேற்றுவது, வாங்குபவரின் தலைச்சுற்றளவை அளந்து பக்கச்சுவரை வளைப்பது. மலாய்க்காரர்கள் பெருநாளுக்கு அணியும் தொப்பியைத் தமிழ் பேசும் பாய் ஒருவர் தைத்துத் தந்த காலத்தை நினைவில் வைத்திருக்கும் பெரியவர்கள் இன்னும் இருக்கிறார்கள். ஞாயிற்றுக்கிழமை என்பதால் தையல் எதையும் பார்க்கக் கிடைக்கவில்லை. இந்த உலாவைச் சனிக்கிழமைக்கு மாற்றினால் தேவாலயமும் திறந்திருக்கும், தொழில்களும் நடக்கும். ஏன் மாற்றவில்லை என்று கேட்டேன். வழிகாட்டிகளில் ஒருவருக்குச் சனிக்கிழமை வேலை என்பது பதில். நியாயமான காரணம்தான், ஆனாலும் இழப்பு நமக்கு.

போரியாவைப் பற்றிய பகுதி ஏமாற்றம். பினாங்கின் தனி அடையாளமான இந்தப் பாட்டுக்கூத்து 19ஆம் நூற்றாண்டில் சென்னைப் படைப்பிரிவோடு வந்த இந்திய முஸ்லிம் சிப்பாய்களின் முஹர்ரம் நிகழ்ச்சிகளிலிருந்து வளர்ந்தது. துக்காங் காராங் என்னும் முதன்மைப் பாடகர் அந்த ஆண்டு நடந்தவற்றைக் கிண்டலும் அறிவுரையுமாகச் செய்யுளில் பாட, பின்னால் நிற்கும் குழு அடியெடுத்து ஆடிப் பல்லவியைத் திரும்பப் பாடும். முன்னதாக ஒரு நகைச்சுவை நாடகமும் உண்டு. தெம்மாங்கும் வில்லுப்பாட்டும் தெரிந்த நமக்கு உடனே ஒட்டிக்கொள்ளும் கலை. அதைக் கைப்பேசித் திரையில், வெயில் கூசும் தெருவில், பத்தொன்பது பேர் எட்டிப் பார்க்க ஒன்றரை நிமிடம் ஓட்டிக்காட்டி முடித்துவிட்டார்கள். ஆட்டக்காரர் ஒருவரை அழைத்து நான்கு அடி பாடச் சொல்லியிருந்தால் கூடுதலாகப் பத்து வெள்ளி கொடுக்கத் தயங்கியிருக்க மாட்டேன்.

ஆர்மேனியன் தெருவில் டீச்சர் ஓய்வெடுக்க, இளைஞர் ஒருவர் பொறுப்பேற்றார். உலாவின் சறுக்கல் இங்கேதான். சைக்கிளில் செல்லும் இரு பிள்ளைகளின் சுவரோவியத்துக்கு முன்னால் படமெடுக்கும் வரிசையில் எங்களை நிற்கவைத்து நாற்பது நிமிடத்தைக் கரைத்தார். லித்துவேனியாவைச் சேர்ந்த எர்னஸ்ட் சகாரெவிச் ஜார்ஜ்டவுன் விழாவுக்காக 2012இல் தீட்டிய ஓவியம் அது. தம்பி 2010 என்றார். அது விழா தொடங்கிய ஆண்டு, ஓவியத்தின் ஆண்டு அல்ல. சுவரோடு பொருத்தப்பட்ட உண்மையான பழைய சைக்கிளும், அதன்மேல் வண்ணத்தில் சிரிக்கும் பிள்ளைகளும் அழகுதான், மறுக்கவில்லை. ஆனால் அதே நகரச் சுவர்களில் இரும்புக் கம்பியை வளைத்துச் செய்த 52 கேலிச்சித்திரங்கள், அந்தந்தத் தெருவின் பெயரையும் தொழிலையும் பற்றிப் பேசுகின்றன. நடை உலாவுக்கென்றே செய்துவைத்தவைபோல் இருக்கும் அவற்றில் மூன்றை மட்டும், அதுவும் நடந்துகொண்டே, கைநீட்டிக் காட்டினார். படமெடுக்க வருபவர் தாமாகவே வந்து எடுத்துக்கொள்வார். அதற்கு வழிகாட்டி எதற்கு?

நல்லவேளையாக டீச்சர் திரும்பி வந்தார். வந்ததும் அவர் எடுத்த பேச்சு, இத்தகைய உலாக்களில் யாரும் எடுக்காதது: 1867ஆம் ஆண்டு ஆகஸ்டில் இதே தெருக்களில் பத்து நாள் நடந்த கலவரம். கீ ஹின் என்ற சீன இரகசியச் சங்கமும் அதன் எதிரியான தோ பே கோங் சங்கமும் மோதிக்கொண்டன. முதலாவதன் பக்கம் வெள்ளைக்கொடி, இரண்டாவதன் பக்கம் செங்கொடி என்று மலாய்க்காரர்களும் இந்திய முஸ்லிம்களும் நிறைந்த இரு கூட்டங்கள் சேர்ந்துகொண்டன. இன்று இனக்கலவரம் என்ற சொல்லைக் கேட்டதும் நம் மனத்தில் வரும் கோடு அங்கே இல்லை. இரு தரப்பிலும் எல்லா இனத்தாரும் இருந்தார்கள், சேர்ந்தே சண்டையிட்டார்கள். நல்லிணக்கம் என்று பலகை வைத்துவிட்டுப் போவதைவிட இந்தக் கதை இந்தத் தெருக்களை எனக்கு அதிகமாகப் புரியவைத்தது. பிள்ளைகளை அழைத்துவந்த ஒரு தாயார் முகம் சுளித்ததையும் பதிவு செய்ய வேண்டும்.

அதைத் தொடர்ந்து அவர் வாடகைக் கட்டுப்பாட்டைப் பற்றிப் பேசினார். 1966ஆம் ஆண்டுச் சட்டம் பழைய கடைவீடுகளின் வாடகையைக் குறைவாக வைத்திருந்தது. அதனால்தான் பூக்கட்டுபவரும் தையற்காரரும் பொம்மலாட்டக்காரரும் நகரின் நடுவே குடியிருக்க முடிந்தது. அந்தச் சட்டம் நீக்கப்பட்டு 2000ஆம் ஆண்டு தொடங்கியபோது கட்டுப்பாடும் முடிந்தது. வாடகை எகிறியதும் மக்கள் அடுக்குமாடி வீடுகளைத் தேடிப் போனார்கள். 2008இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியத் தகுதி வந்து கட்டடங்களைக் காத்தது, ஆனால் குடியிருந்தவர்கள் அதற்கு முன்பே கிளம்பிவிட்டிருந்தார்கள். டீச்சரின் குடும்பமும் அப்படிக் கிளம்பியதுதான். அவர் பிறந்த மாடியில் இப்போது தங்கும் விடுதி இயங்குகிறது. ஓரிரவு தங்கிப் பார்த்தாராம். "படுக்கை நல்லா இருந்துச்சு, அம்மா சமைச்ச இடத்தில் குளியலறை" என்றார். அதற்கு மேல் அவர் ஒன்றும் சொல்லவில்லை, நாங்களும் கேட்கவில்லை.

நடைமுறைக் குறைகளையும் சொல்லிவிடுகிறேன். பன்னிரண்டு பேருக்கு மேல் சேர்க்க மாட்டோம் என்று செய்தியில் எழுதியிருந்தார்கள். வந்து பார்த்தால் பத்தொன்பது பேர். ஐந்தடி நடைபாதையில் பாதி இடத்தை மோட்டார்சைக்கிள்களும் பூந்தொட்டிகளும் அடைத்துக்கொள்ள, பின்னால் நின்றவர்கள் தெருவில் இறங்கிக் காரோடு போட்டி போட வேண்டியிருந்தது. காதில் மாட்டிக்கொள்ளக் கொடுத்த ஒலிக்கருவிகளில் என்னுடையது பள்ளிவாசலுக்கு முன்பே உயிரை விட்டது. மாற்றுக் கருவி இல்லை. தண்ணீர் தருவதாகச் சொல்லியிருந்தார்கள், ஒரே ஒரு புட்டிதான் கிடைத்தது. இதையெல்லாம் அன்று மாலையே எழுதி அனுப்பினேன். மறுநாள் காலையில் மன்னிப்புக் கேட்டு, ஒரு நபருக்குப் பதினைந்து வெள்ளியைத் திருப்பி அனுப்பிவிட்டார்கள். நான் கேட்டது பணமில்லை என்றாலும், அதைச் செய்தவர்களைக் குறைசொல்ல மனம் வரவில்லை.

சாப்பாடு நாசி கண்டார். குழம்புகளைக் கலந்து 'பஞ்சிர்' ஆக ஊற்றச் சொன்னால் கேள்வி கேட்காமல் ஊற்றுகிறார்கள், கோழி காய்ந்திருந்தது. முன்காலத்தில் தோளில் காவடிபோல் தடியை வைத்து இரு பக்கமும் சோற்றையும் குழம்பையும் தொங்கவிட்டுத் துறைமுகத் தொழிலாளர்களுக்கு விற்றதால் வந்த பெயர் என்பதை மேசையில் சோறு வந்த பிறகு சொன்னதால் பாதிப்பேர் காதில் விழவில்லை.

முழங்கால் வலி உள்ளவர்களுக்கு இது ஏற்றதல்ல. நிழலில்லாத பகுதிகள் அதிகம், உட்கார இடமும் குறைவு. பத்து வயதுக்கு மேற்பட்ட பிள்ளைகள் தாராளமாக வரலாம், கலவரக் கதையைப் பற்றி மட்டும் முன்கூட்டிச் சொல்லிவிட வேண்டும். பதிவு செய்யும்போதே எத்தனை பேர் என்று கேட்டுக்கொள்ளுங்கள். டீச்சர் வருகிறாரா என்பதையும் உறுதி செய்துகொள்ளுங்கள், ஏனெனில் சில வாரங்கள் அந்த இளைஞர் மட்டுமே நடத்துகிறார் என்று பிறகு கேள்விப்பட்டேன். சீனர்களின் பேய் மாதத்தில், மேடைக்கு முன்வரிசை நாற்காலிகளை ஆவிகளுக்காகக் காலியாக விட்டுக் கூத்து நடக்கும் இரவுகளில், டீச்சர் தனியாக ஒரு மாலை உலா நடத்துகிறாராம். எட்டு பேருக்குத்தான் இடம். அதற்கு அண்ணியின் பெயரையும் சேர்த்து மூன்று இடம் கேட்டு எழுதியிருக்கிறேன், பதில் இன்னும் வரவில்லை.